மலைச்சரிவில் ஒரு வீடு: முதலில் தண்ணீருக்கு வழி



இன்றைய தலைப்பு, மலைச்சரிவில் ஒரு நவீனக் குடும்ப வீடு. இதைக் கேட்டதும் பலருடைய மனக்கண்ணில் ஒரு படம் வந்துவிடும். பெரிய கண்ணாடிச் சுவர், அதற்கு அப்பால் பச்சைப் பசேலென்று காடு, தூரத்தில் கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரம், மாலையில் காற்று வாங்க ஒரு பால்கனி. வீடு விற்பவர்களின் விளம்பரத் தாள்களில் வருகிற அதே படம்தான். ஆசைப்படுவதில் தவறில்லை. தோட்டக் காலத்திலேயே துரை பங்களா குன்றின் மேல் இருந்தது, தொழிலாளர் லயங்கள் கீழே இருந்தன. காற்று மேலே, கொசு கீழே. அந்த லயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று படித்து, சம்பாதித்து, மேட்டில் மனை வாங்கும் நிலைக்கு வந்திருக்கிறார்கள். மகிழ வேண்டிய செய்திதான்.

ஆனால் அந்த விளம்பரப் படத்தில் ஒன்றைக் காட்டுவதே இல்லை. மழை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. 200 சதுர மீட்டர் கூரையுள்ள ஒரு பங்களாவை எடுத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் மழை கொட்டினால் அந்தக் கூரையில் மட்டும் விழுவது 12,000 லிட்டர். எடை 12 டன். சமதரையில் உள்ள தாமானில் அந்தத் தண்ணீர் நேராக வாசல் கால்வாய்க்குப் போய்விடும். மலைச்சரிவில் அப்படியில்லை. அது வீட்டைச் சுற்றி, வீட்டுக்கு அடியில், பக்கத்து வீட்டுக்காரரின் மண்ணில் என்று தனக்கு வழி தேடும். வழி கிடைக்காவிட்டால் மண்ணுக்குள் இறங்கி அங்கேயே தங்கும். மலை வீட்டின் தலைவிதியே இந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

மூன்று டிசம்பர்கள்

1993 டிசம்பர் 11, சனிக்கிழமை பிற்பகல். உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்று கட்டடங்களில் ஒன்று, 12 மாடிகளோடு அப்படியே சாய்ந்தது. 48 பேர் மாண்டனர். நடுத்தர, வசதியான குடும்பங்கள் விரும்பி வாங்கிய வீடுகள் அவை. அந்தக் கட்டடத்தின் தூண்களோ சுவர்களோ முதலில் உடையவில்லை. பின்புறக் குன்றில் ஓடிய ஒரு சிற்றோடையைக் குழாய்க்குள் திருப்பி விட்டிருந்தார்கள். மேலே நிலம் வெட்டப்பட்டு மரங்கள் போனதும், மண்ணும் குப்பையும் வந்து வடிகால் பாதைகளை அடைத்தன. பல நாள் மழையில் குன்று ஊறியது. தடுப்புச் சுவர்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் சரிந்தன. மண்ணின் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கும்படி அமைக்கப்படாத அடித்தளம் நகர்ந்தது. பிறகுதான் கட்டடம் விழுந்தது.

2002 நவம்பர் 20 விடியற்காலையில், அதே உலு கிளாங் வட்டாரத்தில், தாமான் ஹில்வியூவில் ஒரு பங்களா மண்ணில் புதைந்து 8 பேர் இறந்தார்கள். 2008 டிசம்பர் 6 விடியற்காலையில் புக்கிட் அந்தாராபங்சாவில் 14 பங்களாக்கள் அழிந்தன, உயிர்களும் போயின. 2022 டிசம்பர் 16ஆம் தேதி பத்தாங் காலியில் மண் சரிந்தபோது அங்கே இருந்தது வீடுகள் அல்ல, கூடார முகாம். 31 பேர் திரும்பி வரவில்லை.

மாதங்களைப் பாருங்கள். எல்லாமே ஆண்டின் கடைசி மழைக்காலம். பள்ளி விடுமுறை, கல்யாண வீடு, கிறிஸ்துமஸ் என்று குடும்பங்கள் பரபரப்பாக இருக்கும் நேரம். பின்புறக் கால்வாயை எட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லாத காலமும் அதுதான்.

இதைச் சொல்வது மலையில் வீடே கட்டக் கூடாது என்று பயமுறுத்துவதற்காக அல்ல. பினாங்குக் கொடிமலையிலும் கேமரன் மலையிலும் பல பத்தாண்டுகளாக நிற்கும் பங்களாக்கள் உண்டு. எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

படம் வரைவதற்கு முன்பு

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். கணவர், மனைவி, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள 70 வயதுப் பாட்டி. சாலையிலிருந்து கீழ்நோக்கிச் சரியும் ஒரு மனையை வாங்கியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட குடும்பங்கள் வழக்கமாக முதலில் செய்வது, சஞ்சிகைகளிலிருந்து பிடித்த வீடுகளின் படங்களைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு கட்டடக் கலைஞரிடம் போவது. அவர் அழகாக வரைந்து கொடுக்கிறார். வரைபடம் குடும்பத்துக்குப் பிடித்துப் போகிறது. பிறகுதான் மண் பரிசோதனை. அதற்குள் மனம் வரைபடத்தில் ஒட்டிவிட்டதால், மண் சொல்வதைக் கேட்க யாரும் தயாராக இருப்பதில்லை. மண்ணை வெட்டி, நிரப்பி, வரைபடத்துக்கு ஏற்றபடி மலையை மாற்றச் சொல்கிறார்கள்.

வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் நில அளவை, அடுத்து மண் பரிசோதனை, அதற்கென்றே படித்த மண் பொறியியலாளரின் கருத்து. வரைபடம் அதற்குப் பிறகு.

மலேசியாவில் சரிவுகளை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். 15 டிகிரிக்குக் குறைவானது முதல் வகை. 15 முதல் 25 வரை இரண்டாவது, 25 முதல் 35 வரை மூன்றாவது, அதற்கு மேல் நான்காவது. டிகிரி கணக்கு புரியாதவர்களுக்கு எளிமையாகச் சொன்னால், 10 அடி முன்னால் நடக்கும்போது ஏறக்குறைய 2.7 அடி ஏறினால் 15 டிகிரி. 7 அடி ஏறினால் 35 டிகிரி. முதல் வகையில் கவனத்தோடு கட்டலாம். இரண்டாவதில் செலவு கூடும். மூன்றாவதில் நிலத்தடியில் கொட்டும் பணம் நிலத்துக்கு மேல் கட்டும் பணத்தோடு போட்டி போடும். நான்காவதில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், ஒரு குடும்பம் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. மலிவு விலையே அங்கே ஓர் எச்சரிக்கைப் பலகை.

மண் பரிசோதனையிலும் ஒரு தந்திரம் தெரிந்திருக்க வேண்டும். உலு கிளாங் போன்ற இடங்களில் அடியில் இருப்பது கருங்கல் பாறை. அது காலப்போக்கில் இற்றுச் செம்மண்ணாக மாறியிருக்கிறது. ஆனால் எல்லாப் பாறையும் ஒரே மாதிரி இற்றுப் போவதில்லை. மண்ணுக்கு நடுவில் மாட்டுக் கொட்டகை அளவு உருண்டைப் பாறைகள் தனியாக மிதந்துகொண்டிருக்கும். துளை போடும் கருவி அதில் முட்டி நின்றதும், ‘அடிப்பாறை வந்துவிட்டது’ என்று நினைத்து வேலையை நிறுத்தினால், வீடு ஒரு மிதக்கும் கல்லின் மேல் உட்கார்ந்துவிடும். அதனால்தான் பாறை தட்டுப்பட்ட பிறகும் அதைக் குடைந்து சில மீட்டர் இறங்கிப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு துளையோடு பரிசோதனையை முடித்துக்கொள்வதும் கூடாது. இந்தச் செலவில் கஞ்சத்தனம் பார்க்கிற குடும்பம், சமையலறை அலமாரிக்கு அதைவிட அதிகமாகச் செலவழிப்பதைப் பார்க்கலாம்.

மலையை வெட்டுவதா, கால் ஊன்றுவதா?

சரிவில் வீடு கட்ட இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மேல்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் கொட்டி, சமதரை உண்டாக்கி, தாமான் வீட்டையே மலையில் கொண்டுபோய் வைப்பது. குத்தகையாளர்களுக்குப் பழக்கமான வேலை இது. வெட்டிய பகுதி கெட்டியாக இருக்கும். கொட்டிய பகுதி ஆண்டுக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரே வீட்டின் பாதி கெட்டி மண்ணிலும் மறுபாதி கொட்டிய மண்ணிலும் நின்றால், நடுவில் விரிசல் விடுவதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

இன்னொரு வழி, சரிவை முடிந்தவரை அப்படியே விட்டுவிட்டு, கெட்டி நிலம் வரை இறங்கிய தூண்களின் மேல் வீட்டைத் தூக்கி நிறுத்துவது, அல்லது வீட்டைப் படிப்படியாகப் பிரித்துச் சரிவோடு சேர்த்து இறக்குவது. மலாய்க் கம்பத்து வீடு எப்போதோ கண்ட உண்மை இது. வெள்ளமோ ஈரமோ எதுவும் கீழே போகட்டும், வீடு மேலே இருக்கட்டும் என்பது அந்த வீட்டின் அறிவு.

இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு பாங்கியில் இருக்கும் சாலிஞ்சர் இல்லம். கட்டடக் கலைஞர் ஜிம்மி லிம் வடிவமைத்த அந்த வீடு, 1998இல் ஆகா கான் கட்டடக்கலை விருதைப் பெற்றது. முக்கோண வடிவத் தளங்கள், செங்கால் மரத் தூண்கள், மலாய்த் தச்சர்களின் பாரம்பரிய வேலைப்பாடு. வெளித்தோற்றத்தில் புதுமை, உள்ளே கம்பத்து வீட்டின் பழைய புத்தி. இன்று எல்லாராலும் செங்கால் மரம் வாங்க முடியாது. ஆனால் தரையை விட்டு மேலே நிற்கும் அந்த எண்ணத்தைக் கான்கிரீட்டிலும் இரும்பிலும் செய்யலாம்.

இப்போது பாட்டிக்கு வருவோம். படிப்படியாக இறங்கும் வீட்டில் படிகள் தவிர்க்க முடியாதவை. சஞ்சிகைப் படங்களில் யாரும் அந்தப் படிகளில் அரிசி மூட்டை தூக்கிக்கொண்டு ஏறுவதில்லை. நமது கற்பனைக் குடும்பத்துக்கு ஒரு நன்மை இருக்கிறது. மனை சாலையிலிருந்து கீழே சரிவதால் வீட்டின் மேல்தளமே சாலை மட்டத்தில் இருக்கும். கார் நிறுத்துமிடம், வரவேற்பறை, சமையலறை, பூஜை அறை, பாட்டியின் அறை, அவருக்கான குளியலறை எல்லாம் அந்த ஒரே தளத்தில் வந்துவிட வேண்டும். பிள்ளைகளின் அறைகளும் பெற்றோர் அறையும் கீழ்த்தளத்துக்குப் போகட்டும். இளங்கால்கள் ஏறி இறங்கும். மனை சாலையிலிருந்து மேல்நோக்கி ஏறுவதாக இருந்தால் கதை வேறு. காரை விட்டு இறங்கியதும் இரண்டு மாடி ஏற வேண்டும். முதியவர்கள் உள்ள குடும்பம் அத்தகைய மனையை வாங்கும் முன் மின்தூக்கிக்கும் இடமும் பணமும் உண்டா என்று பார்க்க வேண்டும். இன்று 40 வயதில் உள்ள கணவனும் மனைவியும் 30 ஆண்டு கழித்து யார் என்பதையும் யோசிக்கலாம்.

காட்சியும் வெயிலும்

மலை வீட்டில் குளுகுளுவென்று இருக்கும் என்பது பாதி உண்மை. 100 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 0.6 டிகிரி செல்சியஸ்தான் குறையும். அம்பாங் குன்றுகளில் வீடு கட்டிவிட்டுக் கேமரன் மலையின் குளிரை எதிர்பார்க்க முடியாது. அங்கே குளிர்ச்சி வர வேண்டியது காற்றாலும் நிழலாலும்தான்.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வெறும் 3 டிகிரியில் இருக்கிறது. உச்சி வெயில் கூரையில் விழும். காலை வெயிலும் மாலை வெயிலும் கிழக்கு, மேற்குச் சுவர்களைச் சுடும். அழகான காட்சி மேற்கில் இருக்கிறது என்பதற்காக அந்தப் பக்கம் முழுவதும் கண்ணாடி வைத்தவர்கள், பிற்பகல் 3 மணிக்குத் திரையை இழுத்து மூடிவிட்டு ஏர்கோன் போடுகிறார்கள். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய காட்சிக்கு ஒரு துணித் திரை. கண்ணாடியை வடக்கிலும் தெற்கிலும் வைத்து, மேற்கில் காட்சியைச் சின்னச் சின்னத் திறப்புகளாக எடுத்துக்கொண்டு, வெளியே ஆழமான தாழ்வாரம் விட்டால், அந்த வராந்தாவே வீட்டின் மிகச் சிறந்த அறையாகிவிடும். துரை பங்களாவில் அப்படித்தான் இருந்தது.

நாட்டின் 1984ஆம் ஆண்டுக் கட்டட விதிகள், ஒவ்வோர் அறையிலும் தரைப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஜன்னல், அதில் காற்று தடையின்றி நுழைய 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் திறப்பு என்று சொல்கின்றன. அது குறைந்தபட்சக் கணக்கு. மலை வீடு அதோடு திருப்திப்படக் கூடாது. பகலில் காற்று சரிவின் கீழிருந்து மேலேறும், இரவில் மேலிருந்து கீழிறங்கும். சரிவுக்குக் கீழ்ப்பக்கமும் மேல்பக்கமும் எதிரெதிராகத் திறப்பு இருந்தால் இரண்டு நேரமும் காற்று வீட்டுக்குள் வந்து போகும். பின்புறம் மலைமண்ணோடு சுவரை ஒட்டிக் கட்டினால் அந்தக் காற்றும் போய்விடும், சுவரில் பூஞ்சையும் வரும்.

கூரையைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது கூரை விளிம்பே இல்லாத பெட்டி வீடுகள் நாகரிகமாகிவிட்டன. குளிர்நாட்டுப் படங்களைப் பார்த்து வந்த பழக்கம். இங்கே இரண்டு மழைக்காலம் போனால் அந்த வெள்ளைச் சுவர்களில் கறுப்புக் கறுப்பாக நீர்த்தடம் விழுந்துவிடும். ஒரு மீட்டருக்கு மேல் நீண்ட கூரை விளிம்பு பழைய பாணி அல்ல. கட்டடக் கலைஞர் கென் யாங் 1980களில் அம்பாங்கில் தமக்குக் கட்டிக்கொண்ட வீட்டில், கூரைக்கு மேல் குடைபோல இன்னொரு கூரை வைத்தார். அதன் பெயரே ‘ரூஃப் ரூஃப்’ இல்லம். நவீனக் கட்டடக்கலை இந்த நாட்டு வெயிலைப் பார்த்துத் தலையில் கொடுத்த மரியாதை அது. மலை வீட்டில் கூரை நீர்த்தாரையைச் சுவருக்குள் மறைத்துக் கட்டாமல் வெளியே தெரியும்படி வைப்பதும் நல்லது. காட்டு இலை வந்து அடைத்தால், தண்ணீர் வீட்டுக்குள் வழியாமல் வெளியே வழியும், கண்ணுக்கும் தெரியும்.

மண்ணுக்குள் மறைந்திருப்பவை

நவீன மலை வீடு என்றாலே விளிம்பு தெரியாத நீச்சல் குளம் கேட்கிறார்கள். சரிவின் ஓரத்தில் பல்லாயிரம் லிட்டர் தண்ணீர். அது கசியாத வரை அழகு. குளத்தின் அடியில் ஒரு சிறு வெடிப்பு வந்தால், மழையே இல்லாத நாளிலும் சரிவுக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. கழிவுநீர்த் தொட்டியும், உடைந்த குடிநீர்க் குழாயும் இதே வேலையைச் செய்யும். குளம் வேண்டும் என்றால் வெட்டிய கெட்டி நிலத்தில் வைக்கலாம். பிள்ளைகள் இரண்டு ஆண்டு நீந்திவிட்டுப் பிறகு எட்டிப் பார்க்காத குளம்தான் பல வீடுகளில் இருக்கிறது என்பதையும் நினைத்துக்கொண்டு முடிவு செய்யலாம்.

தடுப்புச் சுவர் மண்ணைத் தாங்குவதற்காகக் கட்டப்படுவது. மண்ணோடு தண்ணீரும் சேர்ந்து அழுத்தினால் எவ்வளவு தடித்த சுவருக்கும் சோதனைதான். அதனால்தான் சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, சுவரில் வரிசையாகத் துளைக் குழாய்கள் விடுகிறார்கள். அந்தக் குழாய்களிலிருந்து அழுக்கு நீர் வடிந்து சுவர் அசிங்கமாக இருக்கிறது என்று சிமெண்டு பூசி அடைத்துவிடும் வீட்டுக்காரர்கள் உண்டு. மூக்கை அடைத்துக்கொண்டு தூங்குவது போன்ற காரியம்.

சரிவின் வெறும் மண்ணை மூடுவதற்கு நமது பழைய தோட்டங்களிலேயே பாடம் இருக்கிறது. மலைச்சரிவில் ரப்பர் நட்டபோது வரப்பு வரப்பாகப் படி வெட்டினார்கள், இடையில் மண் அரித்து வராமல் தடுக்கக் குழிகள் தோண்டினார்கள், கன்றுகளுக்கு நடுவே மூடுபயிர்க் கொடிகளைப் பரவ விட்டார்கள். அதைச் செய்த கைகளில் தமிழர்களின் கைகள் ஏராளம். வீட்டுச் சரிவுக்கு வெட்டிவேர் நல்ல காவலாளி. ஆங்கிலத்திலும் அதற்குத் தமிழ்ப் பெயர்தான் வழங்குகிறது. அதன் வேர் பக்கவாட்டில் படராமல் இரண்டு, மூன்று மீட்டர் நேராக இறங்கும். ஆனால் நிழலில் வளராது, நல்ல வெயில் வேண்டும். ஆழமாகச் சரியக்கூடிய மலையை அது ஒன்றே பிடித்து நிறுத்தும் என்றும் நம்பிவிடக் கூடாது. மேல்மண்ணுக்குத்தான் அது.

காகிதங்களும் முக்கியம். 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஏ பிரிவின்படி, மண் வேலை தொடங்கும் முன் அதற்கான வரைபடங்களை ஊராட்சி மன்றத்திடம் கொடுத்து அனுமதி பெற வேண்டும். அனுமதி கிடைத்தால் பொறுப்பு அவர்களுடையது என்று பலர் எண்ணுகிறார்கள். ஹைலண்ட் டவர்ஸ் வழக்கில் 2006இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அதே சட்டத்தின் 95ஆம் பிரிவு ஊராட்சி மன்றத்துக்குப் பாதுகாப்பு அளிக்கிறது என்று கூறியது. சட்டம் அப்படி இருக்கையில் ஒரு முத்திரையை மட்டும் நம்பிக் குடும்பத்தைக் குடிவைப்பது சரியா? காப்புறுதியும் அப்படித்தான். வழக்கமான வீட்டுக் காப்புறுதியில் நிலச்சரிவு தானாகச் சேர்வதில்லை. கேட்டு, கூடுதல் சந்தா கட்டிச் சேர்க்க வேண்டும். புதுமனை புகுவிழாவுக்கு அழைப்பிதழ் அச்சடிக்கும் முன் அந்தத் தாளை ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது.

மலை முன்கூட்டியே சில சமயம் பேசும். தரையில் புதிய வெடிப்பு, நேராக நின்ற மரம் சாய்வது, நேற்றுவரை சுலபமாக மூடிய கதவு இன்று இடிப்பது, தெளிவாக வடிந்த துளைக் குழாயில் திடீரென்று கலங்கல் நீர் வருவது. இவற்றைப் பார்த்தால் பெயிண்டரை அல்ல, பொறியியலாளரைக் கூப்பிட வேண்டும். கீழ்வீட்டுக்காரருக்கும் சொல்ல வேண்டும். சரிவில் கீழே இருப்பவர் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

கடைசியாக வரைபடத்தில் பார்க்க வேண்டிய ஒரு சின்ன விஷயம். வீட்டின் பின்புறச் சரிவில் கால்வாய்கள் போட்டிருப்பார்கள். அந்தக் கால்வாய் வரை ஒரு மனிதர் மண்வெட்டியோடும் வாளியோடும் நடந்து போக வழி இருக்கிறதா? பல பங்களாக்களில் இல்லை. வேலியைத் தாண்டி, வழுக்கும் சரிவில் புல்லைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். அதனால் யாரும் ஏறுவதில்லை. மூன்றடி அகலத்தில் கைப்பிடியோடு ஒரு படிக்கட்டு, வேலியில் ஒரு சிறிய கதவு, சாவி சமையலறையில். அக்டோபர் பிறந்ததும் ஒருமுறை, ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் ஒருமுறை அந்தக் கதவு திறக்க வேண்டும். கட்டடக் கலைஞரிடம் அந்தப் படிக்கட்டை வரையச் சொல்வதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.